யாளியின் பிடரிக்கு உப்புத்தாள் எட்டாது

யாளி செதுக்கியவர்களுக்கு இந்தத் தொல்லை தெரியும். உளி வேலை முடிந்து, பலகையைத் தள்ளி வைத்துப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். கிட்டே போய்ப் பிடரியின் சுருள்களுக்கு நடுவே விரலை விட்டால் சிலும்பு நெருடும். பல் இடுக்கில், நாக்குக்கு அடியில், துதிக்கை மடிப்பில், கழுத்து மணிகளுக்கு இடையில் எல்லாம் அதே கதை. உப்புத்தாளைச் சின்னதாகக் கிழித்து, ஈர்க்குச்சியில் சுற்றி உள்ளே விட்டுத் தேய்க்கலாம். மணிக்கணக்கில் தேய்த்தாலும் தாள் மேட்டைத்தான் பிடிக்கும், பள்ளத்தைத் தொடாது. உளியால் கூர்மையாக எடுத்த சுருளின் முதுகு மழுங்கிப்போகும், சிலும்பு இருந்த இடத்திலேயே இருக்கும்.

இந்த இடத்துக்கென்றே ஒரு பொருள் இருக்கிறது. ரோட்டரி டூலில், அதாவது கையில் பிடித்து ஓட்டும் சின்னச் சுழல் மோட்டார் கருவியில், மாட்டும் பிரிசில் டிஸ்க். சில வருடங்களாகப் பெரம்பூரில் என் வீட்டு பால்கனியில் இதை வைத்துத்தான் வேலை செய்கிறேன். மரச் சிற்பத்துக்கு இதைப் பயன்படுத்துவதைப் பற்றித் தமிழில் விளக்கமாகச் சொல்ல ஆள் கிடைக்காமல் கொஞ்சம் அலைந்தேன். அதனால் தெரிந்ததை எழுதிவைக்கிறேன்.

பார்ப்பதற்குச் சின்னச் சூரியன் மாதிரி இருக்கும். நடுவில் ஓட்டை, சுற்றிலும் ஒரே பக்கமாக வளைந்த மெல்லிய பிளாஸ்டிக் இழைகள். அந்த இழைக்குள்ளேயே தேய்க்கும் துகள் கலந்து வார்க்கப்பட்டிருக்கிறது. உப்புத்தாளில் துகள் மேலே மட்டும் ஒட்டியிருக்கும். அது உதிர்ந்தால் தாளின் ஆயுள் முடிந்தது. இதில் இழை தேயத் தேய உள்ளிருந்து புதுத் துகள் வெளியே வந்துகொண்டே இருக்கும். இழை வளையும் என்பதால் மேட்டிலும் பள்ளத்திலும் ஒரே அளவு அழுத்தத்தோடு போய்வரும். சிற்பத்தின் வடிவத்தை மாற்றாமல் மேல்தோலை மட்டும் சுத்தம் செய்வது இதனால்தான் முடிகிறது.

இது மர வேலைக்காரர்களை விட நகை வேலைக்காரர்களுக்கும் பல் கட்டும் லேப்களுக்கும் நெருக்கமான பொருள். சென்னையில் ஹார்டுவேர் கடைகளில் கேட்டால் பெரும்பாலும் கம்பி பிரஷ்ஷை எடுத்து நீட்டுவார்கள். மரத்தில் கம்பி பிரஷ் வேண்டவே வேண்டாம். அது நாரைக் கிழித்துவிடும். எனக்கு இது கிடைத்தது சௌகார்பேட்டையில், பொற்கொல்லர்களுக்கான சாமான் விற்கும் ஒரு சின்னக் கடையில். “மெருகு போடுற டிஸ்க்கா சார், எந்தக் கலர் வேணும்?” என்று கடைக்காரர் கேட்டார். அந்தத் தெருக்களில் கலரைச் சொல்லித்தான் கேட்கிறார்கள், கிரிட் எண்ணைச் சொல்லி அல்ல. (கிரிட் என்பது துகளின் அளவைச் சொல்லும் எண். எண் கூடக் கூடத் துகள் நுண்மையாகும்.) மரத்துக்கு என்றதும் அவருக்கு ஆச்சரியம். ஒவ்வொரு கலரிலும் ஒன்றிரண்டு கொடுத்து, “பாத்துட்டு வந்து சொல்லுங்க” என்றார்.

அந்தக் கலர் கணக்கு 3எம் நிறுவனத்தின் ரேடியல் பிரிசில் டிஸ்க்குகளில் இப்படி: மஞ்சள் 80, வெள்ளை 120, சிவப்பு 220, நீலம் 400. அதற்கு மேல் இளஞ்சிவப்பு, பீச், வெளிர்பச்சை என்று போகும். அவை உலோகத்தைப் பளபளப்பாக்க வேண்டியவர்களுக்கு. மரத்துக்கு நீலத்தோடு நின்றுகொள்ளலாம். பெயர் இல்லாத மலிவு டிஸ்க்குகளில் கலரை மட்டும் நம்பி வாங்கக் கூடாது. உறையில் கிரிட் எண் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இழையை விரலால் மடக்கிப் பாருங்கள். மடக்கினால் வெள்ளைக் கோடு விழுந்து அப்படியே நிற்கிற இழை, ஓடும்போது ஒடிந்து பறக்கும்.

அளவில் 14, 19, 25 மில்லிமீட்டர் மூன்றும் கைச் சிற்பத்துக்குப் போதும். நான் அதிகம் எடுப்பது 19. ஒற்றை டிஸ்க்கைத் தனியாக ஓட்டினால் கோடு போடும். இரண்டிலிருந்து ஆறு வரை ஒன்றன்மேல் ஒன்றாக மாண்ட்ரலில் (டிஸ்க்கைக் கோத்துக் கருவியில் மாட்டும் திருகு வைத்த தண்டு) அடுக்கி, திருகை இறுக்க வேண்டும். பல் இடுக்குக்கு இரண்டு, மூன்று. அகலமான வயிறு, தொடை போன்ற இடங்களுக்கு ஆறு. அடுக்கும்போது எல்லா டிஸ்க்கின் வளைவும் ஒரே பக்கம் இருக்க வேண்டும். சுற்றும்போது இழையின் நுனி பின்னால் இழுபட்டு வருகிற மாதிரி மாட்ட வேண்டும். நுனி முன்னால் கொக்கி மாதிரி போனால் மரத்தைக் குத்தும், இழையும் சீக்கிரம் ஒடியும். மாட்டியதும் கையால் மெதுவாக ஒரு சுற்று சுற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மாண்ட்ரல் தண்டின் தடிமனையும் கேட்டு வாங்குங்கள். நகைக் கடைச் சாமான்களில் 2.35 மி.மீ. தண்டுதான் அதிகம். டிரெமல் வகை ரோட்டரி டூலோடு வருகிற காலெட் (தண்டைக் கவ்விப் பிடிக்கும் குழல்) 3.2 மி.மீ. மெல்லிய தண்டைத் தடித்த காலெட்டில் இறுக்கினால் பிடித்த மாதிரி இருக்கும், ஓடும்போது ஆடும். சின்னக் காலெட்டைத் தனியாக வாங்கிவிடுங்கள்.

இப்போது வேகம். இதுதான் எல்லாம்.

கருவியில் நிமிடத்துக்கு 30,000, 35,000 சுற்று என்று எண் இருப்பதால் பலரும் பாதிக்கு மேலே வைத்து ஓட்டுகிறார்கள். டிஸ்க் உறையில் போட்டிருக்கும் உச்ச வேகம், அதற்கு மேல் போனால் ஆபத்து என்று சொல்வதற்கு. மரத்தை எந்த வேகத்தில் தேய்க்கலாம் என்று அது சொல்லவில்லை. மரத்துக்கு நான் 8,000-லிருந்து 12,000 சுற்றுக்குள் நிற்கிறேன். 19 மி.மீ. டிஸ்க் 10,000 சுற்றில் ஓடினால் நுனி வினாடிக்குச் சுமார் 10 மீட்டர் வேகத்தில் மரத்தைத் தொடுகிறது. அதே 10,000 சுற்றில் 25 மி.மீ. டிஸ்க் போட்டால் அது 13 மீட்டர் ஆகிவிடும். டிஸ்க் பெரிதானால் சுற்றைக் குறைக்க வேண்டும் என்பது இதனால்தான். வேகம் கூடினால் இரண்டு விஷயம் நடக்கும். மையவிலக்கு விசையில் இழை விறைத்து நிற்கும், வளைந்து பள்ளத்துக்குள் போகிற குணமே போய்விடும். அப்புறம் சூடு. இழை பிளாஸ்டிக், இளகும். இளகினால் மரத்தின் மேல் அந்தக் கலரில் மெல்லிய ஈஷல் படியும். தேக்கில் அவ்வளவாகத் தெரியாது. குமிழ் போன்ற வெளிர் மரத்தில் சிவப்புக் கோடு பளிச்சென்று தெரியும். அதை எடுக்க மேலும் தேய்க்கக் கூடாது. தேய்த்தால் நாருக்குள் இறங்கும். ஆறவிட்டு, கூரான கத்தி நுனியால் சுரண்டி எடுக்க வேண்டும்.

அழுத்தமும் அப்படித்தான். வேலை செய்வது இழையின் நுனி. அழுத்தினால் நுனி மடங்கி, இழையின் பக்கவாட்டுத்தான் மரத்தில் உரசும். சூடு வரும், தேயாது. நுனி மரத்தைத் தொட்டும் தொடாமலும் போக வேண்டும். சத்தத்தை வைத்தே சொல்லிவிடலாம். சரியான அழுத்தத்தில் ஒரே சீராக ‘சர்ர்’ என்று இருக்கும். மோட்டார் முனகத் தொடங்கினால் கை பாரமாகிவிட்டது என்று அர்த்தம்.

குறைந்த வேகத்தில் இன்னொரு சிக்கல். கையில் பிடிக்கும் ரோட்டரி டூலில் மோட்டாரைக் குளிர வைக்கிற விசிறி அதே அச்சில்தான் இருக்கிறது. மெதுவாக ஓடினால் காற்றும் குறையும். சென்னை மே மாதத்தில் பிடியே சூடாகிவிடும். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை நிறுத்தி ஆறவிடுங்கள். நகை வேலைக்காரர்கள் வைத்திருக்கும் தொங்கு மோட்டார், வளையும் தண்டோடும் கால் பெடலோடும் வருவது, இந்த வேலைக்கு இன்னும் நல்லது. மோட்டாரின் சூடு கைக்கு வராது, வேகத்தைக் காலாலேயே கூட்டலாம், குறைக்கலாம். இந்தப் பொழுதுபோக்கில் நிலைத்து நிற்கப்போகிறோம் என்று தெரிந்தால் அதில் காசு போடுவது சரி.

மரத்துக்கு வருவோம். ஒவ்வொரு மரமும் இந்த டிஸ்க்கிடம் ஒவ்வொரு மாதிரி நடந்துகொள்ளும்.

தேக்கில் வருட வளையத்துக்குள்ளேயே மெத்தென்ற பட்டை ஒன்றும் கெட்டியான பட்டை ஒன்றும் மாறி மாறி வரும். தட்டையான உப்புத்தாள் இரண்டையும் ஒரே மட்டத்தில் தேய்க்கும். இழைக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. மெத்தென்ற இடத்தை அதிகம் தின்னும், கெட்டியான இடத்தை விட்டுவிடும். ஒரே இடத்தில் நின்று தேய்த்தால் சிற்பத்தின் கன்னத்தில் அலை அலையாக வரி எழும்பும். அதனால் தேக்கில் மஞ்சளைத் தொடுவதே இல்லை. வெள்ளையில் தொடங்கி, நார் ஓடுகிற பக்கமாகவே நகர்த்தி, சீக்கிரம் சிவப்புக்கு மாறிவிடுவேன்.

வாகை நேர் எதிர். பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச்சிற்பங்களுக்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே சிற்பிகள் அதிகம் எடுக்கும் மரங்களில் வாகையும் ஒன்று. அதில் நார் பின்னிப் பின்னி ஓடும். ஒரு பட்டை இந்தப் பக்கம் சாய்ந்தால் அடுத்த பட்டை அந்தப் பக்கம் சாயும். உளி எவ்வளவு கூராக இருந்தாலும் பாதி இடத்தில் சிலும்பு எழும்பியே தீரும். ஒரே திசையில் டிஸ்க்கை ஓட்டினால் ஒரு பட்டை வழவழப்பாகும், பக்கத்துப் பட்டையின் சிலும்பு மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். இதற்குக் கருவியைத் திருப்பிப் பிடித்து மணிக்கட்டை முறுக்க வேண்டியதில்லை. சிற்பத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்து அதே கை வாகில் மறுபடியும் ஓட்டுங்கள், போதும். வாகைத் தூளுக்குத் தும்மல் வரும், அதைப் பின்னால் சொல்கிறேன்.

நான் யாளிப் பலகை ஒன்றை முடித்த வரிசை இது. உளி வேலையை எவ்வளவு சுத்தமாக முடிக்க முடியுமோ அவ்வளவு முடித்துவிட வேண்டும். உளிக் கொத்து ஆழமாகத் தெரிகிற இடத்தில் டிஸ்க் அதை அழிக்காது, ஓரத்தை மட்டும் மழுக்கிப் பள்ளத்தை அப்படியே விட்டுவிடும். பிறகு நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் ஒரு தடவை துடைத்துவிட்டு நிழலில் காய விடுவேன். படுத்திருக்கும் நார்கள் ஈரத்தில் நிமிரும். மறுநாள் தடவிப் பார்த்தால் முன்னை விடச் சொரசொரப்பாக இருக்கும். அதுதான் வேண்டும். நிமிர்ந்த நாரைத்தான் இழையால் வெட்டி எடுக்க முடியும். புது டிஸ்க்காக இருந்தால் முதலில் கழிவுக் கட்டை ஒன்றில் கொஞ்ச நேரம் ஓட்டி நுனியைப் பழக்கிவிட்டு, அப்புறம்தான் சிற்பத்துக்குக் கொண்டுவருவேன்.

பிடரிச் சுருளில் இரண்டு வெள்ளை டிஸ்க்கைப் போட்டு, சுருளின் அடிவாரத்திலிருந்து நுனியை நோக்கி, பள்ளத்தின் நீளவாக்கில் இழுத்தேன். குறுக்கே போகக் கூடாது. கண்ணுக்கு முன்னாலேயே பள்ளத்தில் இருந்த வெளுத்த பஞ்சு போன்ற சிலும்பு கரைந்து, அடியில் இருக்கும் மரத்தின் பழுப்பு தெரிந்தது. சுருளின் முதுகில் உளி விட்ட கூர்விளிம்பு அப்படியே நின்றது. விளிம்பு நிற்பதற்கு ஒரு வழி இருக்கிறது: இழை விளிம்பைத் தாண்டி வெளியே ஓட வேண்டும். வெளியிலிருந்து விளிம்பின் மேல் ஏறி உள்ளே வந்தால், இரண்டே இழுப்பில் விளிம்பு உருண்டுவிடும். உதடு, இமை, நகம், அணிகலனின் ஓரம் எல்லாவற்றுக்கும் இதே விதி.

வெள்ளை முடிந்ததும் தூளை ஊதி எடுத்துவிட்டுச் சிவப்பு, அப்புறம் நீலம். ஒவ்வொன்றும் முந்தையதை விடக் குறைந்த நேரம்தான். நீலத்தில் மரம் மினுங்கத் தொடங்கும். அங்கே கையை எடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் ஒவ்வொரு நொடியும் உளியின் உழைப்பைத்தான் தின்கிறது.

பின்புலம் தட்டையாக இருக்கும் பலகைகளில் அந்தத் தட்டையைப் பிரிசில் டிஸ்க்கால் தொட வேண்டாம். குழி குழியாகிவிடும், வெளிச்சம் சாய்வாக விழும்போது அசிங்கமாகத் தெரியும். சின்ன மரக்கட்டையில் உப்புத்தாளைச் சுற்றித் தேய்ப்பதற்கு மாற்று கிடையாது.

எனக்கு உளி பிடிக்கச் சொல்லிக்கொடுத்த ஆசாரி கோயில் வாகனங்கள் செய்தவர். ரோட்டரி டூலைக் காட்டியபோது, “மோட்டார் போட்டுத் தேய்ச்சா முகம் செத்துடும் தம்பி” என்றார். அவர் சொன்னது உண்மை. உப்புத்தாள் உருளையோ பட்டைச் சக்கரமோ போட்டுத் தேய்த்த முகங்களைக் கைவினைக் கடைகளில் பார்த்திருக்கிறேன். மூக்கும் கன்னமும் ஒன்றாகிச் சோப்புக் கட்டி மாதிரி இருக்கும். யாளிப் பலகையை அவரிடம் எடுத்துப் போனேன். ஒன்றும் சொல்லாமல் பிடரிக்குள் கட்டைவிரலை விட்டுத் தடவினார். பிறகு யாளியின் கண்ணைப் பார்த்தார். “கண்ணை இதுல தேய்க்கலையே?” என்றார். “இல்லைங்க ஐயா, கடைசியாத்தான் வெட்டினேன்” என்றேன். “அப்ப சரி.”

கண்ணைக் கடைசியில் திறப்பது நம் சிற்ப மரபு. அதன் சடங்குப் பொருள் தனி. வேலை முறையிலும் அது இங்கே மிகச் சரியாகப் பொருந்துகிறது. கண்விழியின் வட்டம், இமைக்கோடு இரண்டும் கூராக இருந்தால்தான் முகத்துக்கு உயிர். அந்தக் கூர்மையை எந்த டிஸ்க்குக் கிட்டேயும் விடக் கூடாது. கண் இருக்கும் மேட்டை மட்டும் விட்டுவைத்து, முகம் முழுக்கத் தேய்த்து முடித்தபின், தூளைச் சுத்தமாக ஊதிவிட்டு, கத்தியால் கோடு எடுக்கிறேன். தேய்த்த மரத்தில் துகள் சிக்கியிருக்கும், அது உளியின் கூரைக் கெடுக்கும். அதனால் நல்ல உளியை அப்போது எடுப்பதில்லை. சாணை பிடித்தால் சரியாகிவிடக்கூடிய சின்னக் கத்தி ஒன்றை இதற்கென்றே வைத்திருக்கிறேன்.

தூளைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். டிஸ்க்கே ஒரு விசிறி மாதிரி சுற்றுவதால் தூளை எல்லாப் பக்கமும் வீசும். மிக நுண்ணிய தூள், கண்ணுக்குத் தெரிவதை விடத் தெரியாததுதான் அதிகம். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் வைத்திருக்கிறது. தேக்குத் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பைக் கொடுக்கும். வாகைத் தூள் மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது. கைக்குட்டை கட்டிக்கொள்வது போதாது. என்95 முகக்கவசம் முகத்தோடு ஒட்டி உட்கார வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். இழை ஒடிந்தால் நேராக முகத்தை நோக்கித்தான் வரும். தோளில் துண்டு, தொங்கும் சங்கிலி, கட்டாத கூந்தல் எதுவும் சுற்றும் தண்டுக்குப் பக்கத்தில் வேண்டாம்.

அடுக்குமாடி வீட்டில் பால்கனியில் செய்பவர்கள் கீழ்வீட்டுக்காரர் துணி காயப்போடும் நேரத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நான் ஒரு பெரிய அட்டைப்பெட்டியைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, அதன் பின்பக்கத்தில் ஓட்டை போட்டு வேக்குவம் கிளீனரின் குழாயைச் சொருகி, பெட்டிக்குள்ளேயே சிற்பத்தை வைத்துத் தேய்க்கிறேன். செலவில்லாத ஏற்பாடு, தூளில் பெரும்பகுதி அதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது. வேலை முடிந்ததும் கருவியின் காற்றுத் துளைகளையும் ஊதிச் சுத்தம் செய்யுங்கள். உள்ளே தூள் அடைத்தால் மோட்டார் இன்னும் சூடாகும்.

சென்னையில் செய்பவர்களுக்கு வானிலையும் ஒரு கணக்கு. ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றே ஈரம். சாயங்காலம் வழவழவென்று வைத்த சிற்பம் காலையில் லேசாகச் சொரசொரக்கும். தேய்த்தது தவறு என்று நினைத்து மறுபடியும் வெள்ளையிலிருந்து தொடங்காதீர்கள். நீலத்தை மட்டும் ஒரு தடவை தொட்டும் தொடாமலும் ஓட்டிவிட்டு, அன்றைக்கே முதல் கை எண்ணெய் கொடுத்துவிடுங்கள். தேய்த்த மரத்தை மழை நாளில் வெறுமனே விட்டுவைக்கக் கூடாது. வெயில் காலத்தில் எதிர்ப்பிரச்சினை. ஈரத்துணி வைத்துத் துடைத்த மரத்தைச் சீக்கிரம் காயட்டும் என்று மொட்டை மாடியில் வைத்தால் வெடிப்பு விடும். நிழலும் காற்றோட்டமும் போதும்.

எண்ணெய்க்கு ஆளிவிதை எண்ணெயைத்தான் எடுக்கிறேன். மெல்லியதாக ஒரு கை கொடுத்து, நன்றாகக் காய்ந்தபின் இன்னும் நெருடுகிற இடத்தில் தேய்ந்த நீல டிஸ்க்கைக் குறைந்த வேகத்தில் காட்டி, மறு கை கொடுப்பேன். துடைத்த துணியைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு வரும், சுருட்டிப் போட்ட துணி தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் போட்டு, விறைப்பாகக் காய்ந்தபின் எறியுங்கள்.

தேய்ந்த டிஸ்க்கை மட்டும் எறிய வேண்டாம். இழை பாதியானதும் அது விறைப்பாகிறது, பழைய டிஸ்க் புதியதை விட முரட்டுத்தனமாகத் தின்னும். முகத்துக்கு அது ஆகாது. ஆனால் விட்டம் குறைந்துவிட்டதால் புது டிஸ்க் நுழையாத பொந்துகளுக்குள் நுழையும். கலர்வாரியாகப் பழைய மாத்திரை டப்பாக்களில் போட்டு வைத்திருக்கிறேன். யாளியின் கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் இருந்த சிலும்பு அந்த டப்பாவில் கிடந்த ஒரு தேய்ந்த வெள்ளையால்தான் போனது.